சிநேகிதன் என்று ஒரு சாமி

சொர்ணவல்லியின் பொறாமை அவளுக்கு முன்னால் பிறந்தது என்று அவளுடைய ஆத்தா சொல்வாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஆத்தா ஒரு நிமிஷம் இடுப்பில் எடுத்து வைத்துவிட்டால் போதும், சொர்ணவல்லி அன்று முழுவதும் சாப்பிட மாட்டாள். கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே முந்திரிக்காட்டுக்குள் இருந்த அந்த வீட்டில் மாட்டைத் தடவிக் கொடுப்பதற்குக்கூட அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தடவ வேண்டியிருந்தது.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் ஆவணியில், புதுக்கோட்டையில் டிரில் மாஸ்டராக இருந்த ஆத்மநாதனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆத்மநாதன் அதிர்ந்து பேசாதவர். அதிராமலும் அதிகம் பேசாதவர். கேட்டால் பதில் வரும். பதிலுக்கு மேல் ஒரு சொல் வராது. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி விசில் ஊதுவதோடு அவருக்கு அன்றைய சத்தம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், சட்டையை மடிப்பார், படுத்துக்கொள்வார்.

விடியுமுன் எழுந்து போய்விடுவார். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது உறுத்தியது. ஒரு நாள் சேலையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் புதுக்குளக்கரைக்குப் போனார். அங்கே எவளும் இல்லை. கிழக்கே பார்த்துக் கைகூப்பினார், குனிந்தார், தரையில் நீட்டிப் படுத்தார், எழுந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் சொன்னார். மித்ராய நமஹ. ரவயே நமஹ. சூர்யாய நமஹ. சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது ஒரு மராட்டிய உபாத்தியாயரிடம் கற்றுக்கொண்ட சூரிய நமஸ்காரம் அது.

நிம்மதியோடுதான் திரும்பி வந்தாள். ஆனால் தோசைக்கு அரைக்க உட்கார்ந்தபோது நெஞ்சில் ஏதோ கரித்தது. தன்னை அவர் ஒரே பெயரால்கூட வாய்நிறையக் கூப்பிட்டதில்லை. சூரியனுக்குப் பன்னிரண்டு பெயர்!

"மொதல்ல மித்ராயன்னு சொல்றீகளே, அப்புடின்னா என்னங்க?" என்று அன்று கேட்டாள்.

"சூரியனுக்கு ஒரு பேரு."

"அம்புட்டுத்தானா?"

"பேருன்னா பேருதான்."

பேச்சு அதோடு முடிந்தது. எட்டு வருஷம் அப்படியேதான் போயிற்று. குழந்தை இல்லை. அதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

ஐம்பத்தாறில் பெஸ்தன்ஜி வந்தார்.

கிணறுகளுக்கு ஆயில் என்ஜின் விற்கிற ஒரு பம்பாய்க் கம்பெனியின் ஆள். திருச்சியிலும் சென்னையிலும் பல வருஷம் இருந்ததால் தமிழ் பேசுவார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. நல்ல சிவப்பு, நீண்ட மூக்கு, தலையில் எப்போதும் ஒரு கறுப்புத் தொப்பி. பார்சிக்காரர். அவருடைய முன்னோர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பாரசீகத்திலிருந்து கப்பலேறி வந்து குஜராத்துக் கரையில் இறங்கியவர்கள். நெருப்பைக் கும்பிடுகிற ஆள் என்று கடைவீதியில் சொல்லிக்கொண்டார்கள். சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்.

அவரும் விடிகாலையில் புதுக்குளக்கரைக்கு வருகிறவர். சட்டைக்குள்ளே மெல்லிய வெள்ளை மல் பனியன், அதன்மேல் இடுப்பைச் சுற்றி வெள்ளைக் கம்பளி நூலால் நெய்த ஒரு கயிறு. அதை அவிழ்த்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து ஏதோ ஓதுவார். ஓதிக்கொண்டே மறுபடி இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடுவார். ஒரு நாள் ஆத்மநாதன் மித்ராய என்று சொல்லிக் குனிந்தபோது, நாலடி தள்ளி நின்ற பெஸ்தன்ஜி ஓதுவதை நிறுத்திவிட்டார்.

"மாஸ்டர், இப்ப என்ன பேரு சொன்னீங்க?"

அன்றைக்குக் காலைச் சாப்பாட்டில் ஆத்மநாதன் பேசிய பேச்சைச் சொர்ணவல்லி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"அவுக புஸ்தகத்துலயும் அதே பேருதான் இருக்காம் சொர்ணம்! மித்ரா. இப்ப அவுக பேச்சுல மெஹெர்னு ஆகிப்போச்சாம். அவுக முன்னோரும் இங்கிட்டு வேதம் ஓதுனவுகளும் ரொம்பப் பழைய காலத்துல ஒரே கூட்டமா இருந்தாகளாம். அப்ப கும்பிட்ட சாமி. கூட்டம் ரெண்டா பிரிஞ்சு போச்சு, சாமி மட்டும் ரெண்டு பக்கமும் தங்கிட்டாராம். நம்ம பேச்சுலயே மித்திரன்னா சிநேகிதன்தானே? இத்தன நாளா சொல்லிக்கிட்டு இருந்தும் எனக்கு ஒறைக்கவே இல்ல பாரு."

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கல்யாணமானதிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. ஆனால் அவளுக்குத் தோன்றியது வேறு. நான் கேட்டபோது பேருன்னா பேருதான் என்றார். எவனோ ஒரு பம்பாய்க்காரன் கேட்டதும் பேச்சு மடை திறந்துகொள்கிறது.

அதற்குப் பிறகு காலையில் அவர் திரும்பிவர நேரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஸ்தன்ஜி சாப்பிட வந்தார். இரண்டு பேரும் முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்து அந்த ஒரே சாமியைப் பற்றிப் பேசினார்கள். அடுப்படியிலிருந்து அவளுக்குச் சொற்கள் கேட்காது, சிரிப்பு மட்டும் கேட்கும். அவள் தண்ணீர்ச் செம்போடு உள்ளே போனால் பேச்சு நின்று, "நல்லா இருக்கீங்களா அம்மா?" என்று பெஸ்தன்ஜி கேட்பார். வெளியே வந்ததும் மறுபடி தொடங்கும்.

"சிநேகிதன்னு ஒரு சாமியாம். அதக் கும்புட ஒரு சிநேகிதனாம். நான் எதுக்கு இந்த வீட்டுல?" என்று அடுத்த வீட்டுப் பிரகதாம்பாளிடம் சொன்னாள்.

"அடி போடி, ஆம்பளைங்க ரெண்டு பேரு சாமி பத்திப் பேசிக்கிட்டு இருந்தா அதுக்குமா வயிறு எரியும்?"

எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பில் உப்பை ஒரு கை கூடவே அள்ளிப் போட்டாள். ஆத்மநாதன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பெஸ்தன்ஜி சோற்றை முழுக்கச் சாப்பிட்டு, செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்து, "நாங்க சமுத்திரக்கரை ஜனங்க அம்மா. உப்பு எங்களுக்குப் பிடிக்கும்" என்றார். அந்த நல்ல குணம் அவளை இன்னும் எரிய வைத்தது.

அடுத்த வருஷம் ஆடியில் ஒரு சாயங்காலம், ஆத்மநாதன் பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தபோது, பெஸ்தன்ஜி ஓர் இனிப்புப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். ஊரிலிருந்து அக்காள் அனுப்பியதாம். சொர்ணவல்லி நிலைப்படியில் நின்றபடியே சொன்னாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அவுக ஒங்ககிட்ட நேர்ல சொல்லச் சங்கடப்படுறாக. வேத்து மதத்துக்காரரோட சேந்துக்கிட்டுத் திரியிறாருன்னு பள்ளிக்கூடத்துல பேச்சா இருக்கு. இனிமே கொளத்துப் பக்கமும் இங்கிட்டும் வராம இருந்தா நல்லதுன்னு சொன்னாக."

"மாஸ்டர் சொன்னாரா?"

"ஆமா. அவுகதான் சொன்னாக."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சரிம்மா. என்னால மாஸ்டருக்குக் கஷ்டம் வேண்டாம்" என்று சொல்லிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பொட்டலத்தை அவள் பிரகதாம்பாள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஆத்மநாதன் கரையில் தனியாக நின்றார். சைக்கிள் கடை மாடிக்குப் போய்ப் பார்த்தார். பெஸ்தன்ஜி மரியாதையாகப் பேசினார், வேலை அதிகம் என்றார், உட்காரச் சொல்லவில்லை. மானமுள்ள மனிதர் ஆத்மநாதன். இரண்டாவது தடவை போகவில்லை. வீட்டில் பழைய மௌனம் திரும்பிவந்தது, பழையதைவிடக் கனமாக. சொர்ணவல்லிக்கு முதல் சில நாள் சந்தோஷமாக இருந்தது. பிறகு அவர் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் தனக்கென்று ஓர் இடமும் காலியாகவில்லை என்பது தெரிந்தது. வராத ஆள் வந்த ஆளைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசியில் ஆத்மநாதன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருச்சிக்கு விளையாட்டுப் போட்டிக்குப் போனார். அந்தச் சமயத்தில்தான் சொர்ணவல்லியின் அண்ணன் உடையப்பன் ஒரு மாட்டுவண்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். வண்டியில் பெஸ்தன்ஜி. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு.

"நம்ம கெணத்து என்ஜினுதான் சொர்ணம். ஸ்டார்ட் ஆகலன்னு வரச் சொன்னேன். ஹேண்டிலப் போட்டுச் சுத்துனாரு, எதுத்து அடிச்சிருச்சு. எலும்பு ரெண்டா போச்சு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாச்சு. அந்த மாடி ரூமுல ஒண்டியாக் கெடந்தா கஞ்சி யாரு குடுப்பா? மாப்புளைக்கு வேண்டியவரு, நம்ம வீட்டுல அடிபட்டவரு. இங்கயே இருக்கட்டும். நானும் ராத்திரிக்குக் கூடத் தங்கிக்கிறேன்."

பெஸ்தன்ஜி வண்டியை விட்டு இறங்கவில்லை. "மாஸ்டருக்கு இஷ்டம் இருக்காது உடையப்பன். நான் ரூமுக்குப் போறேன்" என்றார். உடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெஸ்தன்ஜியின் முகம் வலியில் சாம்பல் பூத்திருந்தது. சொர்ணவல்லி வேறு வழியில்லாமல், "எறங்குங்க சார்" என்றாள்.

உடையப்பனுக்குக் கடலை பிடுங்குகிற சமயம். விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்துக் காட்டுக்குப் போய்விடுவான், இருட்டத்தான் வருவான். அதனால் பிரகதாம்பாள் தன் வீட்டு முறத்தையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு காலையிலேயே துணைக்கு வந்து உட்கார்ந்தாள்.

முதல் நாள் காலை பெஸ்தன்ஜி முற்றத்தில் கிழக்கே பார்த்து நின்றார். இடக்கையால் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். மறுபடி கட்ட முடியவில்லை. இரண்டு கை வேண்டும் அதற்கு. பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு முயன்றார். கயிறு வழுக்கித் தரையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டியில் வந்தபோது முனகாத மனிதருக்கு அப்போது கண் கலங்கிவிட்டது.

சொர்ணவல்லி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "நான் தொடலாமா சார்?" என்றாள்.

"எங்க ஆளுங்க தவிர யாரும் தொடக்கூடாது. மாஸ்டர் ஒரு தடவை கேட்டார். அவருக்கே முடியாதுன்னு சொன்னேன்" என்றார். பிறகு வெளுத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தார். "கட்டாமலும் இருக்கக் கூடாது. குளிச்சிட்டீங்களா?"

"ஆச்சு."

"அப்ப நுனியை மட்டும் பிடிங்க. கோவிச்சுக்க மாட்டார்."

அவள் தூணோரம் நின்று ஒரு நுனியை இழுத்துப் பிடித்தாள். அவர் மறுநுனியை இடக்கையில் வைத்துக்கொண்டு, ஓதியபடி, தானே மெல்லத் திரும்பித் திரும்பிக் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார். முடிச்சுக்கு அவள் நுனியை நீட்டினாள், அவர் கோத்து இழுத்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த பிரகதாம்பாள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கோவிச்சுக்க மாட்டாருன்னீங்களே, யாரு? அந்த மித்திரனா?" என்று சொர்ணவல்லி கேட்டாள்.

"அவர்தான். மாஸ்டர் சொல்லியிருப்பாரே?"

"எங்கிட்ட யாரு சொல்றா?"

பெஸ்தன்ஜி தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். தெரிந்த தமிழில், தெரியாத இடத்தில் கையை ஆட்டிக்கொண்டு சொன்னார். "சூரியனே அவர்னு நினைக்கிறாங்க அம்மா. இல்ல. சூரியன் வர்றதுக்கு முன்னாடி மலை உச்சிக்கு வந்து பூமியைப் பார்க்கிறவர். அவருக்கு ஆயிரம் காது, பத்தாயிரம் கண். தூக்கமே கிடையாது. வேலை என்ன தெரியுமா? வார்த்தைக்குக் காவல். ரெண்டு சிநேகிதங்க, புருஷன் பெண்சாதி, ரெண்டு ஊர்க்காரங்க, யார் வாக்குக் கொடுத்துக்கிட்டாலும் நடுவுல அவர் நிக்கிறார். எது செஞ்சாலும் பொறுத்துக்குவார். சிநேகிதங்களுக்கு நடுவுல பொய் வந்தா மட்டும் பொறுக்க மாட்டார்."

சொர்ணவல்லி கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தாள். பிழிந்து முடிந்ததை மறுபடியும் பிழிந்தாள்.

"சார், அவுக ஒண்ணும் சொல்லல."

"எதை அம்மா?"

"ஒங்கள வரவேணாம்னு. நானாச் சொன்னேன்."

"அன்னைக்கு ரூமுக்குப் போய் நான் சாப்பிடல அம்மா" என்றார். பிறகு, "ஏன் சொன்னீங்க?"

"பொறாமை."

"யார் மேல?"

"ஒங்க மேல. அந்தச் சாமி மேலயும்."

பெஸ்தன்ஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை குலுங்கி வலியில் முகம் சுளித்தார், சுளித்துக்கொண்டே சிரித்தார். "இந்தச் சாமி மேல பொறாமைப்பட்டவங்க உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க, போதும்."

"சொல்ல மாட்டேன்."

அதற்குப் பின் தினமும் அவள் கயிறு பிடித்தாள், தினமும் அவர் ஏதாவது சொன்னார். பூசாரி வீட்டுப் பெண்கள் சின்னத் தறியில் அந்தக் கயிறு நெய்வதைப் பற்றி. செத்தவன் கடக்க வேண்டிய ஒரு பாலத்தைப் பற்றி, அதன் முனையில் நியாயம் கேட்கிறவர்களில் மித்திரனும் ஒருவன் என்பதைப் பற்றி. தன்னை ஒருவர் பொருட்டாக நினைத்து உட்கார வைத்துப் பேசுவது எப்படியிருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரும் இதற்குத்தானே ஏங்கியிருப்பார் என்று புருஷனை நினைத்துக்கொண்டாள்.

திருச்சியிலிருந்து ஆத்மநாதன் வந்தது ஒரு காலை நேரம். கையில் டிரங்குப் பெட்டியோடு உள்ளே நுழைந்தவர் முற்றத்தில் பார்த்தது இதைத்தான்: பேச்சை முறித்துக்கொண்ட சிநேகிதர் தன் வீட்டில் நிற்கிறார், தன் கைக்குக் கொடுக்காத கயிற்றின் ஒரு நுனி தன் பெண்டாட்டி கையில் இருக்கிறது.

"மாஸ்டர்!" என்று பெஸ்தன்ஜி முகம் மலர்ந்தார்.

"கை என்ன ஆச்சு?" என்று ஆத்மநாதன் கேட்டார். பதிலை நின்று கேட்காமல் கொல்லைக்குப் போய்க் கால் கழுவினார்.

அடுப்படியில் சொர்ணவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். என்ஜின் அடித்ததை, அண்ணன் கொண்டுவந்து விட்டதை, தான் சொன்ன பொய்யை, அதைத் தானே ஒப்புக்கொண்டதை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொய் சொன்ன, சரி. அது ஒன் புத்தி. அந்தக் கயித்த எப்புடித் தொட்ட?"

"கட்ட முடியாமத் தவிச்சாகங்க."

"எனக்குக் கூடாதுன்னாரு. ஒரு வருஷத்துக்கும் மேல பக்கத்துல நின்னவனுக்குக் கூடாது. ஒனக்கு மட்டும் எப்புடி ஆகும்?"

அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைச் சொர்ணவல்லிக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய சொந்தக் குரல்தான் அது. புருஷன் வாயிலிருந்து வந்தது.

மறுநாள் ஆத்மநாதன் குளித்துவிட்டு முந்தி வந்து முற்றத்தில் நின்றார். "நான் பிடிக்கிறேன்" என்றார். பெஸ்தன்ஜி நுனியைக் கொடுத்தார். டிரில் மாஸ்டரின் கை கயிற்றை விறைப்பாக இழுத்தது. பெஸ்தன்ஜி திரும்பும்போது விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை சுற்று அவிழ்ந்தது. ஓதுவதும் அறுந்தது.

"மாஸ்டர், கோவிக்காதீங்க. அம்மாவுக்குப் பழகிடுச்சு" என்றார் பெஸ்தன்ஜி.

ஆத்மநாதன் கயிற்றை மனைவி கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். அன்று சூரிய நமஸ்காரம் செய்தாரா என்று தெரியாது. மத்தியானம் வரை வீட்டுக்கு வரவில்லை. சொர்ணவல்லிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கத்துக்கு அடியில் கொஞ்சம் இனிப்பும் இருந்தது, அதையும் அவள் மறைக்கவில்லை. "இப்ப அவுகளுக்குத் தெரியும்" என்று பிரகதாம்பாளிடம் சொன்னாள்.

இரண்டு சிநேகிதர்களும் பிறகு பேசிக்கொண்டார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் ஆத்மநாதனின் கண் பெஸ்தன்ஜி எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறார் என்று கணக்கெடுத்துக்கொண்டே இருந்தது. கட்டுப் பிரித்த பிறகு பெஸ்தன்ஜி மாடி அறைக்குப் போனார். மறு வருஷம் கம்பெனி அவரைக் கோயம்புத்தூருக்கு மாற்றியது.

அவர் போன மறுநாள் விடியுமுன் ஆத்மநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு, "நீயும் வா" என்றார். அவள் போனாள். கரையில் நமஸ்காரம் முடிந்ததும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒன்கிட்ட என்னல்லாம் சொன்னாரு?"

அவள் பாலத்தைப் பற்றிச் சொன்னாள். அதற்கு மேல் அன்று சொல்லவில்லை. மறுநாள் தறியைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வருவார், சில இடத்தில், "இது எங்கிட்டயும் சொன்னாரு" என்று அவசரமாக நடுவில் புகுவார். புதிதாக ஏதாவது வந்துவிட்டால் முகம் சுண்டிப்போகும். மெல்லமெல்ல அவரும் தன்னிடம் பெஸ்தன்ஜி சொன்னவற்றை எடுத்து வைத்தார், ஒன்றுக்கு ஒன்று போட்டியாக. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசத் தொடங்கியது இப்படித்தான்.

சொல்ல இருந்தது ஒரு நாள் தீர்ந்துபோயிற்று.

"அம்புட்டுத்தாங்க."

"இன்னும் இருக்கு. மறைக்கிற."

"இல்லைங்க. பொய் சொல்ல மாட்டேன்னு அவருகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஓகோ, வாக்கு வேறயா!" என்று சொல்லிவிட்டு முன்னால் வேகமாக நடந்தார். ஆனால் மறுநாளும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்காக வாசலில் நின்றார்.

அறுபத்துநாலில், திருச்சிக்கு வேலையாக வந்த பெஸ்தன்ஜி ஒரு பகல் மட்டும் புதுக்கோட்டைக்கு வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. கை நேராகிவிட்டது, குளிர்காலத்தில் மட்டும் வலிக்கும் என்றார். சொர்ணவல்லி முதல் நாளே சமையலுக்குத் தயார் செய்திருந்தாள். ஆத்மநாதன் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தார். இரண்டு பேருமே தனித்தனியாக அவரிடம் பேசவேண்டியதை மனதில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

இலை போட்ட நேரத்தில் உடையப்பன் வந்தான். கையில் சாக்கில் சுற்றிய ஒரு வால்வு. "சார், நல்ல வேளை வந்தீங்க! இதப் பாருங்க, என்ஜினு பொகை கக்குது."

பெஸ்தன்ஜியின் முகம் பிரகாசமாயிற்று. சாப்பிட்டபடியே வால்வைத் திருப்பிப் பார்த்தார். கை கழுவியதும் இரண்டு பேரும் முன்னறையில் தாளை விரித்துப் படம் போட்டார்கள். பிறகு கடைவீதிக்கு வாஷர் வாங்கப் போனார்கள். திரும்பி வந்து ஆயிலைப் பற்றிப் பேசினார்கள். ஆத்மநாதன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். சொர்ணவல்லி மூன்று தடவை காப்பி கொண்டுபோனாள். பஸ் நேரம் வந்துவிட்டது.

பஸ் நிலையத்தில் பெஸ்தன்ஜி இருவருக்கும் கைகூப்பினார். ஏறி உட்கார்ந்தபின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "உடையப்பன், வால்வைத் தேய்ச்சுப் போடுங்க, மறந்துடாதீங்க!" என்று கத்தினார். உடையப்பன் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டுக் கந்தர்வக்கோட்டை பஸ்ஸுக்குப் போனான்.

புருஷனும் பெண்டாட்டியும் கீழராஜ வீதி வழியே நடந்து வந்தார்கள்.

"ஒன்கிட்ட ஏதாவது பேசுனாரா?"

"எங்க? வாயத் தொறக்க விட்டானா எங்கண்ணன்? ஒங்ககிட்ட?"

"ஒரு வார்த்த இல்ல. வால்வாம் வால்வு! இத்தன வருஷம் கழிச்சு வந்த மனுஷன்கிட்டப் பேசுற பேச்சா அது?"

"அவனுக்கு எடம் பொருள் தெரியாதுங்க. அந்தச் சாக்கக் கொண்டாந்து நடுவீட்டுல விரிச்சான் பாருங்க."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன், சாயங்காலம் வாய்யான்னு."

வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் மாறி மாறி உடையப்பனைத் திட்டினார்கள். ஆத்மநாதன் அவ்வளவு சரளமாகப் பேசுவதை வீதியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் உடையப்பன் முந்திரிப்பருப்போடு வந்து, என்ஜின் இப்போது பூ மாதிரி ஓடுகிறது என்று சொன்னபோது, அந்த வீட்டில் யாரும் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏனென்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.